கிளட்ச் இடுக்கில் கொள்ளுக்கொடி

என் பேத்திக்கு இரண்டு தாத்தாக்கள். அரியலூரில் அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவழித் தாத்தா அவளுக்கு வெறும் தாத்தா. அவள் அம்மாவைப் பெற்ற நான் பெரம்பலூர் தாத்தா. எனக்கு முன்னால் மட்டும் ஓர் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவரை அவள் "தாத்தா, வா" என்று கையைப் பிடித்து இழுப்பாள். என்னிடம் "வாங்க தாத்தா" என்பாள். பெரியவர்களிடம் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள் பாருங்கள் என்று என் மகள் பெருமைப்படுவாள். அந்த மரியாதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். போன வருஷக் கோடையில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்வதென்றால் முதலில் இந்த வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் அந்தக் காரியம் யாருக்கும் புரியாது.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். வேலைக்காலம் முழுவதும் ஓர் ஆலையின் குளிரூட்டும் பிரிவில் இருந்தேன். எனக்குச் சோறு போட்டது கம்ப்ரஸர்தான். கதவுக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டே உள்ளே எந்த மெஷினுக்கு என்ன கோளாறு என்று சொல்வேன். ஓய்வு பெற்றதும் பெரம்பலூரில் வீடு கட்டிக்கொண்டேன். மனைவி போன பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். ஒரே மகளை அரியலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை; லீவு கிடைத்தால் வருவார். ஆகவே அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் என் சம்பந்திதான். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, காய்ச்சல் வந்தால் ஊசி போட அழைத்துப்போவது, உடைந்த சைக்கிள் மணியை மாற்றுவது எல்லாம் அவர். என் மகளும் எதற்கெடுத்தாலும் "மாமாவை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேம்பா" என்பாள். ஒரு காலத்தில் என்னைக் கேட்டவள்.

சம்பந்தி அரசு பஸ் ஓட்டியவர். அரியலூர், பெரம்பலூர் சாலையில் பாதி வாழ்நாளைக் கழித்தவர். வழியில் பேரளியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினால் "என்ன டிரைவரண்ணே, புள்ளய எங்க கூட்டிட்டுப் போறீங்க" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். நானும் அதே சாலையில்தான் பல காலமாகப் போய்வருகிறேன். டீக்கடைக்காரர் எனக்கு மீதிச் சில்லறையைக்கூட முகத்தைப் பார்க்காமல் தருவார்.

சனிக்கிழமைதோறும் பேத்திக்குப் பெரம்பலூரில் நீச்சல் வகுப்பு. சம்பந்தி தன் பழைய காரில் அழைத்து வருவார். வகுப்பு முடிகிறவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பிறகு இருவரும் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அந்தச் சாப்பாட்டு நேரம்தான் எனக்கு வாரம் முழுவதற்கும் கிடைக்கும் பேத்தி. அதற்காக வெள்ளிக்கிழமையே கடைக்குப் போவேன். அவளுக்குப் பிடித்த வஞ்சிரம் மீன் எங்கள் ஊரில் எந்த நேரத்தில் போனால் நல்லதாகக் கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருந்தேன். அவள் மீனைத் தின்றுகொண்டே தாத்தாவோடு வந்த வழியைப் பற்றியே பேசுவாள்.

மாசி மாதத்தில் அந்த வழியில் பேச நிறைய இருக்கும். கொள்ளு அறுவடைக் காலம் அது. பிடுங்கிய செடிகளைக் கொடியும் நெற்றுமாகத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி நெற்று உடைந்து மணி உதிரும். சாயங்காலம் செடியை உதறிவிட்டு மணியைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவார்கள். தனியாகக் களம் எதற்கு, சாலைதான் இருக்கிறதே என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கார் வைத்திருப்பவர்கள் பலரும் ஒதுங்கிப் போவார்கள். கொடி அச்சில் சுற்றிக்கொள்ளும். சூடேறித் தீப்பிடித்த வண்டிகளும் உண்டு. நான் எப்போதும் ஒதுங்குவேன். சம்பந்தி ஒதுங்கமாட்டார். வேகத்தைக் குறைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாக ஏற்றிக்கொண்டு போவார்.

"வெயில்ல பரப்பிப் போட்டுட்டு ஒக்காந்திருக்குதுங்க, பாவம். நாலு வண்டி ஏறுனாத்தானே மணி உதிரும்" என்பார்.

"தாத்தா ஏத்துனா அப்பளத்த நொறுக்குற மாதிரி சத்தம் கேக்கும்" என்பாள் பேத்தி. "பெரம்பலூர் தாத்தா, நீங்க ஏத்தியிருக்கீங்களா?"

"இல்லம்மா. வண்டிக்கு நல்லதில்ல."

அவள் சம்பந்தியைப் பார்த்துச் சிரிப்பாள். அவர்களுக்குள் மட்டும் இருக்கிற சிரிப்பு அது.

பங்குனி பிறந்து வெயில் ஏறிய ஒரு சனிக்கிழமை, இருவரும் வேர்த்து வழிந்துகொண்டு வந்தார்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலையில் கண்ணாடியை இறக்கினால் புழுதி அப்பிவிடும், ஏற்றினால் புழுங்கும். பேத்தியின் புருவத்தில் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தது.

"சம்பந்தி, ஏசில வெறும் காத்துதாங்க வருது" என்றார் அவர். "நான் ஓட்டுன பஸ்ஸாட்டமே ஆயிடுச்சு இதுவும். நீங்கதான் இதுக்கு டாக்டரு. கொஞ்சம் நாடி புடிச்சுப் பாருங்க."

எனக்கு உள்ளூர சந்தோஷம். அந்த வீட்டில் சம்பந்தியால் முடியாத காரியம் ஒன்று கடைசியில் வந்து சேர்ந்தது. பேத்தியைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு பானட்டைத் திறந்தேன். சம்பந்தி இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டார். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஏசியைப் போட்டதும் கம்ப்ரஸரிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். வரவில்லை.

அந்தச் சத்தம் என்ன என்று பேத்திக்கு விளக்கினேன். கம்ப்ரஸரின் முன்னால் இருக்கும் சக்கரத்தை பெல்ட் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஒட்டாமல் ஒரு தட்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற அளவுதான் இடுக்கு. ஏசியைப் போட்டால் உள்ளே இருக்கும் காந்தம் தட்டை இழுத்துச் சக்கரத்தோடு ஒட்டவைக்கும். அந்த ஒட்டுதான் 'டக்'. ஒட்டினால்தான் கம்ப்ரஸர் சுற்றும், குளிர் வரும். அதற்குப் பெயர் கிளட்ச். அவள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி அவள் என் பேச்சைக் கேட்டது அன்றுதான்.

ஃபியூஸைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஹாரனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயைக் கழற்றி ஏசியின் இடத்தில் மாட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. மல்டிமீட்டரை வைத்தேன், கிளட்ச் ஒயர்வரை கரண்ட் வந்துகொண்டிருந்தது. காந்தச் சுருளும் கெடவில்லை. வாயு அழுத்தமும் குறையவில்லை. இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுத் தட்டைக் கையால் திருப்பினேன். பிசிறில்லாமல் திரும்பியது. கம்ப்ரஸர் உள்ளே இறுகியிருந்தால் அப்படித் திரும்பாது. அப்படியானால் மிச்சம் அந்த இடுக்குதான். டார்ச்சையும் சவரக் கண்ணாடியையும் எடுத்துவந்து குனிந்து பார்த்தேன். தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பழுப்பாக நார் போல ஏதோ திரிந்து அடைத்திருந்தது. கொள்ளுக்கொடி. மாசி முழுக்க ஏற்றிய கொடியில் ஒரு துண்டு மேலே எகிறி உள்ளே புகுந்து, சூட்டில் கருகி, தட்டை ஒட்டவிடாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. கொக்கி போட்டு இழுத்தால் வந்துவிடும். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை.

நான் நிமிர்ந்தேன். சம்பந்தி வாசலில் பேத்தியின் முகத்தை ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். துடைத்து முடித்ததும் கேட்டாள்: "இது சரியாவலன்னா நான் எப்புடி நீச்சலுக்கு வர்றது? பெரம்பலூர் தாத்தா கார்லயா?"

அவள் அதை ஆசையாகக் கேட்டாளா, கவலையாகக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் காதில் விழுந்தது 'பெரம்பலூர் தாத்தா கார்' என்பது மட்டும்தான்.

"என்னங்க சம்பந்தி, பொழைக்குமா?" என்றார் அவர்.

"கம்ப்ரஸர் உள்ள புடிச்சுக்கிச்சுங்க" என்றேன். "இனி ஏசி சுவிட்சையே தொடாதீங்க. போட்டா பெல்ட் அறுந்துடும். நடுவழில நிக்கணும்."

"அட கடவுளே. புதுசுதான் போடணுமா?"

"அவசரப்பட்டுப் போடாதீங்க. நல்லதா ஒண்ணு நானே பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் சனிக்கிழமை நான் வந்து பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன். என் வண்டியில ஏசி நல்லா இருக்கு."

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர்கள் சாப்பிட உள்ளே போனதும் நான் மறுபடி பானட்டுக்குள் கையை விட்டேன். போகிற வழியில் குலுங்கி அந்த நார் தானாக விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். கிளட்சுக்குப் போகும் ஒயரின் முனையைக் கழற்றிக் கீழே செருகிவைத்தேன். பொய் சொன்னது ஒரு கணத்தில் வந்த புத்தி என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். ஒயரைக் கழற்றியதற்கு அப்படி ஒரு சமாதானமும் கிடையாது. நிதானமாகச் செய்தேன். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு மீன் பரிமாறினேன்.

அடுத்த சனிக்கிழமை அரியலூர் போய் அவளை ஏற்றிக்கொண்டேன். முன்சீட்டில் உட்கார வைத்தேன். குளிர் நன்றாக வந்தது. அவளுக்காக வாங்கி வைத்திருந்த முறுக்கைக் கொடுத்தேன். "தேங்க்ஸ் தாத்தா" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். படிப்பைப் பற்றிக் கேட்டேன், பதில் சொன்னாள். நான் கேட்காவிட்டால் அவளும் பேசவில்லை. வழியில் பிந்தி அறுத்த கொள்ளை ஓரிடத்தில் இன்னும் பரப்பியிருந்தார்கள். நான் வழக்கம்போல் ஒதுங்கினேன். அவள் திரும்பி, பின் கண்ணாடி வழியாக அது மறைகிறவரை பார்த்துக்கொண்டு வந்தாள். ஏற்றியிருக்கலாம். ஏற்றினால் சம்பந்தியைப் போல் ஆகிவிடுவேனோ என்று ஒரு வீம்பு. பேரளி தாண்டியதும் என் போனைக் கேட்டு வாங்கினாள்.

"தாத்தா, பேரளி தாண்டிட்டோம். நீ எங்க இருக்க?"

எங்கே இருக்கிறார் என்பது நீச்சல் குளத்துக்குப் போனதும் தெரிந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"பஸ்ல வந்துட்டேங்க சம்பந்தி" என்றார், எழுந்து துண்டை உதறிக்கொண்டு. "நம்ம பழைய ரூட்டுதானே. கண்டக்டர் தம்பி டிக்கெட்டு எடுக்கவே விடல. எங்கிட்ட வேல பழகுன பயதான் ஓட்டுறான். வளைவுல பிரேக்கப் போட்டுப் போட்டு என் குடலப் பொரட்டிட்டான்."

பேத்தி ஓடிப்போய் அவர் முதுகில் தொங்கினாள். என் காரில் அவ்வளவு தூரம் வாயைத் திறக்காதவள், முறுக்கை அவர் கையில் கொடுத்துப் பாதியாக உடைக்கச் சொன்னாள்.

நியாயமாக நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போகும்போதாவது என் வண்டியில் வாருங்கள் என்று கையைப் பிடித்து ஏற்றியிருக்க வேண்டும். பின்சீட்டு முழுவதும் காலியாகத்தான் கிடந்தது. சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்றால், "நீங்களும் வர்றதா இருந்தா வாங்க. ஒங்களுக்கு பஸ்ஸுதான் வசதின்னா..." என்று இழுத்தேன். வேண்டாம் என்று சொல்ல வைக்கிற மாதிரி அழைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆபீஸில் பழகியது. "பரவால்லீங்க, தாத்தாவும் பேத்தியும் போங்க. ஒங்களுக்கும் புள்ளயோட இருந்தாப்புல இருக்கும்" என்றார். அவர் அதை மனசாரச் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்படியே பங்குனி போய் சித்திரையும் வந்தது. வாராவாரம் அவர் பஸ்ஸில் வந்தார். ஏறுவெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து குளத்துக்கு நடந்தே வந்தார். ஒரு நாள் என் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது, "தாத்தா, ஒன் சட்டைக்குப் பின்னாடி மேப் மாதிரி இருக்கு" என்றாள் பேத்தி. வேர்வை காய்ந்து காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்க முயன்று, "எந்த நாட்டு மேப்புடி அது?" என்று கேட்டார். அவள் விரலால் கோடு இழுத்து, இது அரியலூர், இது பெரம்பலூர் என்று காட்டினாள். நான் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். எனக்கு அப்போது வெட்கம் வந்தது உண்மை. ஆனால் அந்த விரல் என் முதுகில் ஒருநாளும் கோடு இழுத்ததில்லை என்பதும் அதே நேரத்தில் தோன்றியது. இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால் இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

கம்ப்ரஸர் என்ன ஆயிற்று என்று அவர் எப்போதாவது கேட்பார். "சொல்லி வச்சிருக்கேங்க, நல்லது வரலை" என்பேன். யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் மகள் போன் செய்தாள். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள்.

"அப்பா, இன்னைக்கு மாமா ஒர்க்‌ஷாப்புல சண்ட போட்டுட்டு வந்திருக்காரு, தெரியுமா?"

"ஏன்?"

"ஆண்டிமடத்துல சொந்தக்காரங்க வூட்டுக் காதுகுத்து. பாப்பாவ வெயில்ல எப்புடி கூட்டிட்டுப் போறதுன்னு வண்டியக் கொண்டுபோய்க் காட்டியிருக்காரு. அந்த மெக்கானிக்கு கம்ப்ரஸரக் கையால சுத்திப் பாத்துட்டு, இதுக்கு ஒண்ணும் ஆவல பெரியவரே, யாரு சொன்னதுன்னு கேட்டிருக்கான். மாமாவுக்கு வந்துச்சே கோவம். எங்க சம்பந்தி வாழ்நாள் பூரா கம்ப்ரஸரோடவே இருந்தவரு, நேத்து கட தொறந்த பய நீ அவர கொற சொல்றியான்னு கத்திட்டு வந்துட்டாரு."

"அவன் வேற ஏதாவது சொன்னானா?"

"ஏதோ ஒயரு கழண்டு கெடக்குதாம். யாரோ வேணும்னே கழட்டுன மாதிரி இருக்குன்னானாம். அதுக்கும் மாமா, தெரியாத்தனமா ஏசியப் போட்டுடக் கூடாதுன்னு சம்பந்திதான் பாதுகாப்புக்குக் கழட்டி வச்சிருப்பாருன்னு சொல்லி, தொடவே விடாம வண்டிய எடுத்துட்டு வந்துட்டாரு."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன வயதில் அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைக்கு அழைத்துப் போவேன். கண்ணை மூடிக்கொண்டு எந்த மெஷின் ஓடுகிறது என்று சொல்லச் சொல்லி விளையாடுவோம். என் வேலை எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்க இதுல தப்பா சொல்ல மாட்டீங்களேப்பா" என்றாள் மெதுவாக. கேள்வியாகவும் இல்லை, புகழ்ச்சியாகவும் இல்லை.

மறுநாள் காலை டார்ச்சையும் ஒரு வளைத்த கம்பியையும் எடுத்துக்கொண்டு அரியலூர் போனேன். போகும் வழியில் சொல்லவேண்டிய கதை ஒன்றைத் தயார்செய்துகொண்டே போனேன். அன்று வெளிச்சம் போதவில்லை, கண்ணாடியின் கோணம் சரியில்லை, வயசாகிவிட்டது என்றெல்லாம்.

சம்பந்தி என்னைக் கண்டதும் வாசலுக்கு ஓடிவந்தார். "ஒங்கள யாரு இந்த வெயில்ல வரச்சொன்னது? அந்தப் பய பேச்ச மருமவ ஒங்ககிட்ட சொல்லிடுச்சா?"

"வண்டியைத் திறங்க சம்பந்தி."

கம்பியை விட்டு இழுத்தேன். கருகிய நார் துண்டு துண்டாக வந்தது. பேத்தி உள்ளங்கையை நீட்டி வாங்கி முகர்ந்து பார்த்தாள். "கொள்ளு. நம்ம ஏத்துனதுதான் தாத்தா" என்று அவரிடம் காட்டினாள். ஒயரை மாட்டினேன். சம்பந்தி இன்ஜினை ஓடவிட்டு சுவிட்சைப் போட்டார். 'டக்'. சுத்தமான சத்தம். பேத்தி முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, காற்று வரும் இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முடி பறந்தது. அவள் என்னவோ பாடினாள், எங்களுக்குக் கேட்கவில்லை.

வெளியே வெயிலில் மூன்று பேர் நின்றோம். நான், சம்பந்தி, மோர்ச் செம்போடு வந்த என் மகள்.

"நான் சொல்லல? எங்க சம்பந்தி கைய வச்சா சரியாயிடும்னு" என்றார் அவர் மகளைப் பார்த்து. பிறகு என்னிடம், "அன்னைக்கு இது கண்ணுல படலீங்களா? அது கெடக்குது, இருட்டு இடுக்கு. யாரு கண்ணுக்குத்தான் தெரியும்?" என்றார்.

நான் தயார்செய்துவந்த கதையை அவரே எனக்காகச் சொல்லி முடித்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும். மகள் செம்பைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டுதுங்க" என்றேன். "அன்னைக்கே பாத்துட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. "என்னத்த?"

"இந்தக் கொடியை. கம்ப்ரஸர் நல்லா இருக்குன்னு அன்னைக்கே தெரியும். பிள்ளை என் வண்டியில வரட்டும்னுதான் பொய் சொன்னேன்."

அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். அந்தக் கையில் அழுக்கு எதுவும் இல்லை, துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்த ஒயரு?"

"அதையும் நான்தான் கழட்டினேன்."

"பாதுகாப்புக்குன்னு நான் அந்தப் பயகிட்ட சொன்னேனேங்க" என்றார்.

அந்த வெயிலில் வாராவாரம் பஸ்ஸில் வந்ததைச் சொல்லவில்லை. வேப்பமரத்தடியைச் சொல்லவில்லை. என்னை நம்பி ஓர் அந்நியனிடம் கத்திவிட்டு வந்ததுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. "புள்ள வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அனுப்பிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே போனார். மகள் மோரை என் கையில் கொடுத்தாள். குடித்தேன். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பேத்திக்கு இதை யாரும் சொல்லவில்லை. மகள் சொல்லமாட்டாள் என்று தெரியும். சம்பந்தி சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவள் என் பக்கம் திரும்பியிருக்கமாட்டாள். சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையும் அவருக்கே இருந்துவிட்டது. அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் பழையபடி அவருடைய காரிலேயே வந்தார்கள். பேத்தி மட்டும் இறங்கி உள்ளே வருவாள். அவர் வரமாட்டார். நான் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "சாப்ட்டுட்டுத்தாங்க வந்தேன்" என்பார். மறுபடி ஏற்றிக்கொள்வார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே நான் அவளுக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பேன். வெளியே அந்தக் கம்ப்ரஸர் 'டக்' என்று ஒட்டும், கொஞ்ச நேரத்தில் விடும், மறுபடி ஒட்டும். வேறு யாருக்கும் அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்காது. என் காது அதற்கென்றே பழகிய காது. ஒன்றுவிடாமல் கேட்டது. சாப்பாட்டு நேரம் முழுவதும் பேத்தி எனக்கே எனக்கென்று கிடைத்தாள். இத்தனை நாள் நான் ஆசைப்பட்டது அதுதான். அவளோ அடிக்கடி வாசலையே பார்த்தாள். "தாத்தா ஏன் உள்ள வரமாட்டேங்குது?" என்று கேட்டாள். "அவருக்குக் குளிர் பிடிச்சுப்போச்சு" என்றேன். சிரித்தாள்.

இந்த வருஷம் மாசியில் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். தனியாக இருக்க வேண்டாம், அரியலூருக்கு வந்துவிடுங்கள் என்று மகள் பிடிவாதமாகச் சொன்னாள். அழைத்துப்போக சம்பந்தி வந்தார், பேத்தியோடு. என் பையை வாங்கி டிக்கியில் வைத்தார். "பாத்து ஏறுங்க, தல இடிக்கும்" என்றார். நான் கறுப்புக் கண்ணாடியோடு பின்சீட்டில் உட்கார்ந்தேன். பேத்தி முன்சீட்டில், அவர் பக்கம் சாய்ந்தபடி. ஊரைத் தாண்டுகிறவரை அவள் ஒருத்திதான் பேசினாள்.

பேரளிக்கு முன்னால் ஓரிடத்தில் சாலையின் பாதி அகலத்துக்குக் கொள்ளு பரப்பியிருந்தது. ஓரத்தில் ஓர் அம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். கார் வேகம் குறைந்தது. ஆனால் ஏறவில்லை. சம்பந்தி மேலே இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு வருஷமாக அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை.

"சம்பந்தி, ஏத்தட்டுங்களா, ஒதுங்கட்டுங்களா?"

"ஏத்துங்க" என்றேன். "சிக்குனா நான் எடுத்துத் தர்றேன்."

அவர் ஏற்றினார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, அவசரமில்லாமல். பேத்தி சட்டென்று கண்ணாடியை இறக்கினாள். சுடுகாற்றும் தூசியும் உள்ளே வந்தன. அடியில் நெற்றுகள் உடைகிற சத்தம். அப்பளம் நொறுங்குவது போலத்தான் இருந்தது.

"தாத்தா, கேக்குதா?" என்று கத்தினாள், முகத்தை வெளியே நீட்டியபடியே.

அவள் எந்தத் தாத்தாவைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. சம்பந்தி வாயைத் திறப்பது மேல் கண்ணாடியில் தெரிந்தது. அவருக்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, "கேக்குதும்மா" என்றேன்.